ஸ்லாக் ஆஃப்: யாருடைய வேகம், எதனால் குறைந்தது?

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு, குமுளி பக்கத்து எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் இப்போது கொச்சியிலும் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் கம்பெனி வேலையில் இருக்கிறார்கள். வீட்டில் தமிழ், பஸ்ஸில் மலையாளம், பள்ளியில் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமும் என்று வளர்ந்தவர்கள். ஆங்கில இலக்கணத்தில் பெரிய குறை இருக்காது. ஆனால் மேலதிகாரியின் மெயிலில் ஒரு சின்ன வினைச்சொல்லும் அதன் வாலாக 'ஆஃப்', 'அப்', 'டவுன்' என்று ஏதாவது ஒன்றும் சேர்ந்து வந்தால் தடுமாறிப்போகிறார்கள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, "அக்கா, இது திட்டா? சும்மா சொல்றாங்களா?" என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்கப்படுபவற்றில் அடிக்கடி வருவது 'ஸ்லாக் ஆஃப்' (slack off). "டோன்ட் ஸ்லாக் ஆஃப் நவ்" என்று டீம் லீடர் எழுதினால் அது திட்டுதானா?

திட்டு என்று சொல்ல முடியாது. எச்சரிக்கை. இவ்வளவு நாள் நன்றாகத்தான் போனது, இப்போது கை தளர்ந்துவிடாதே என்கிறார். அகராதியைத் திறந்தால் 'முயற்சியைக் குறைத்தல்', 'முன்பைவிட மெதுவாக வேலை செய்தல்' என்று போட்டிருக்கும். அது சரிதான். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு இந்த வினையை நாமே எழுதத் தொடங்கினால், நாம் நினைத்தே பார்க்காத ஒரு குற்றச்சாட்டை இன்னொருவர் தலையில் ஏற்றிவிடுவோம். அதனால்தான் இதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

'ஸ்லாக் ஆஃப்' என்று ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது சொல்லாமலே சில விஷயங்கள் உள்ளே வந்துவிடுகின்றன. அவர் முன்பு இதைவிட நன்றாக வேலை செய்தார் என்பது ஒன்று. தொடக்கத்திலிருந்தே சுணங்கியவரைப் பற்றிச் சொல்ல 'லேசி' என்ற பெயரடை இருக்கிறது, 'ஸ்லாக்கர்' என்ற பெயர்ச்சொல் இருக்கிறது. 'ஆஃப்' சேர்ந்த வினை பெரும்பாலும் ஓர் இறக்கத்தைச் சொல்கிறது. அடுத்தது, அதே வேகத்தில் அவர் தொடர்ந்திருக்க வேண்டும் என்று யாரோ எதிர்பார்த்தார்கள் என்பது. மூன்றாவதுதான் கனமானது: அவரால் முடிந்திருக்கும், ஆனாலும் செய்யவில்லை. குறைவுக்குக் காரணம் அவருடைய மனம்தான் என்று இந்த வினை தீர்ப்பு எழுதிவிடுகிறது. வைரல் காய்ச்சலோடு ஆபீசுக்கு வந்து பாதி வேலை முடித்தவரைப் பற்றி "ஷி ஸ்லாக்ட் ஆஃப் திஸ் வீக்" என்று எழுதினால் இலக்கணம் சரி, செய்தி பொய்.

இதனால் யார் யாரைப் பார்த்து இதைச் சொல்லலாம் என்பதும் தானாக முடிவாகிறது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரைச் சொல்வார். கோச் ஆட்டக்காரரைச் சொல்வார், டீச்சர் மாணவரைச் சொல்வார், அம்மா பிள்ளையைச் சொல்வாள். ஒருவர் தன்னைப் பற்றியே "ஐ ஹேவ் பீன் ஸ்லாக்கிங் ஆஃப்" என்று சொல்லிக்கொள்வதும் சகஜம். அப்போது அது பணிவாகக் கேட்கும். ஆனால் மேனேஜரிடம் போய் "யூ ஸ்லாக்ட் ஆஃப் லாஸ்ட் மன்த்" என்று சொன்னால் நிலைமை வேறு.

இலக்கணத்தில் தமிழர்கள் வழுக்கும் ஓர் இடத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் 'வேலையைக் குறைத்துக்கொண்டான்' என்று செயப்படுபொருள் வைத்துச் சொல்வோம். அந்தப் பழக்கத்தில் "ஹி ஸ்லாக்ட் ஆஃப் தி வொர்க்" என்று எழுதிவிடுகிறோம். முயற்சி குறைகிற பொருளில் இந்த வினைக்குச் செயப்படுபொருள் கிடையாது. எதில் குறைந்தது என்று சொல்ல வேண்டுமானால் நடுவில் 'ஆன்' வர வேண்டும்: "ஹி ஸ்லாக்ட் ஆஃப் ஆன் ஹிஸ் ரிவிஷன்." ரிவிஷனில் சுணங்கிவிட்டான். நேரத்தைச் சொல்வதற்குத் தடையில்லை: "தே ஸ்லாக்ட் ஆஃப் ஆஃப்டர் ஓணம்." செயப்பாட்டு வினையாக மாற்றுவதும் நடக்காது. செயப்படுபொருளோடு வரும் ஒரே இடம் கயிறு. "ஸ்லாக் ஆஃப் தி ரோப்" என்றால் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்து. இந்தச் சொல்லின் பூர்வீகம் கிடக்கும் இடமும் அதுதான்.

பழைய ஆங்கிலத்தில் 'ஸ்லாக்' என்றால் இறுக்கமில்லாத, மந்தமான. லத்தீனில் தளர்வைக் குறிக்கும் 'லாக்ஸஸ்' இதற்கு உறவு. 'ரிலாக்ஸ்' என்று நாம் தினமும் சொல்லும் சொல் அந்த லத்தீன் வழியாக வந்தது, ஆகவே 'ஸ்லாக் ஆஃப்'புக்கு அது தூரத்துச் சொந்தம். தாகம் தணிவதைச் சொல்லும் 'ஸ்லேக்' இன்னும் நெருங்கிய சொந்தம். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றி நீற்றுவதற்கும் அதே 'ஸ்லேக்'தான். நீற்றிய சுண்ணாம்புக்கு ஆங்கிலத்தில் 'ஸ்லேக்ட் லைம்' என்று பெயர். கப்பலிலும் துறைமுகத்திலும் வேலை செய்தவர்கள் இறுக்கிக் கட்டிய கயிற்றைத் தளர்த்துவதை 'ஸ்லாக் ஆஃப்' என்றார்கள். கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவில் நீரோட்டம் நின்றுபோகும் சிறு பொழுதுக்கு 'ஸ்லாக் வாட்டர்' என்று பெயர். அப்புறம்தான் வேலை செய்யும் மனிதனுக்கு இந்த வினை வந்து ஒட்டியது.

கயிற்றைத் தளர்த்துவதில் பழி எதுவும் இல்லை. தேவைப்பட்டால் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் கயிறு அறுந்துபோகும். மனிதனிடம் வந்ததும் அதே சொல் பழியாக மாறியது. அதற்கு உரம் போட்டது முதல் உலகப் போர். போருக்குப் போகத் தயங்கியவர்களையும் பட்டாளப் பதிவிலிருந்து நழுவியவர்களையும் 'ஸ்லாக்கர்' என்று அழைத்தார்கள். 1918-இல் அமெரிக்க நகரங்களில் தெருவில் போகும் இளைஞர்களை நிறுத்தி, பதிவுச் சீட்டைக் காட்டச் சொல்லி, இல்லாதவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த வேட்டைக்கே 'ஸ்லாக்கர் ரெய்டு' என்று பெயர். அந்தக் கசப்பு இன்றைக்கும் சொல்லின் அடியில் கொஞ்சம் தங்கியிருக்கிறது.

சரி, முயற்சியோ வேகமோ குறைவதைச் சொல்ல ஆங்கிலத்தில் இது ஒன்றுதானா? இல்லை, ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. எல்லாவற்றையும் 'குறைதல்' என்று மனப்பாடம் செய்தால் ஒன்றுக்கும் உதவாது. ஒவ்வொன்றும் காரணத்தை ஒவ்வோர் இடத்தில் வைக்கிறது, அதைப் பார்க்க வேண்டும்.

'லெட் அப்' பெரும்பாலும் மழைக்கு. ஜூன் மாதம் இடுக்கியில் இருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். "மழை விடவே மாட்டேங்குது" என்கிறோமே, அந்த 'விடுதல்'தான் இது: "தி ரெயின் டிட்ன்ட் லெட் அப்." எதிர்மறையில்தான் அதிகம் வரும். மனிதருக்கும் சொல்லலாம். "ஷி நெவர் லெட்ஸ் அப்" என்றால் பிடித்த பிடியை விடாமல் உழைக்கிறாள் என்ற பாராட்டு. ஒருவர் ஓயாமல் நச்சரித்தாலும் இதே வாக்கியம் பொருந்தும். முன்பின் பேச்சைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

'ஈஸ் ஆஃப்' பழி சுமத்தாத வினை. போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்கும் வளைவுகளில் டிரைவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார். அது 'ஈஸ் ஆஃப்'. வலி குறையும், மழை குறையும், வண்டி நெரிசல் குறையும், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மனிதர் ஒருவர் "ஐ நீட் டு ஈஸ் ஆஃப் எ லிட்டில்" என்றால், உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் போகிறேன் என்கிறார். அதில் அறிவு இருக்கிறது, சோம்பல் இல்லை. 'ஈஸ் அப்' ஏறக்குறைய இதேதான். ஆனால் 'ஈஸ் அப் ஆன்' என்று ஒரு ஆளைச் சேர்த்துச் சொன்னால், அவர்மேல் காட்டும் கடுமையைக் குறை என்று பொருள் மாறிவிடும். டியூஷன், ஸ்பெஷல் கிளாஸ் என்று பிள்ளையைத் துரத்தும் அப்பாவிடம் சொல்ல வேண்டியது இது.

'டெயில் ஆஃப்', 'ஃபால் ஆஃப்', 'டிராப் ஆஃப்' மூன்றும் எண்ணிக்கைக்கும் அளவுக்கும் உரியவை. சுற்றுலாக் கூட்டம் மே மாதத்துக்குப் பிறகு 'டெயில் ஆஃப்' ஆகும். 'டேப்பர் ஆஃப்' என்றால் படிப்படியாகக் குறைதல். மருந்தின் அளவைக் குறைப்பதற்கு டாக்டர்கள் சொல்வார்கள். 'வைண்ட் டவுன்' என்றால் வேலையை மெல்ல முடிவுக்குக் கொண்டுவருதல். 'நாக் ஆஃப்' என்றால் அன்றைய வேலையை முடித்துவிட்டுக் கிளம்புதல், அவ்வளவுதான், "வி நாக் ஆஃப் அட் ஃபைவ்." இங்கிலாந்தில் 'ஸ்கைவ் ஆஃப்' என்றால் வேலைக்கே வராமல் டிமிக்கி கொடுத்தல். அமெரிக்காவில் 'கூஃப் ஆஃப்' என்றால் வேலை நேரத்தில் விளையாடிக்கொண்டிருத்தல்.

'லே ஆஃப்' பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 'ஆஃப்' என்ற வாலைப் பார்த்து இதையும் மேலே சொன்ன வரிசையில் சேர்த்துவிடுவோர் உண்டு. இதில் குறைவது தொழிலாளியின் முயற்சி அல்ல, தொழிலாளிக்குக் கிடைக்கும் வேலை. நிலக்கரி இல்லை, மின்சாரம் இல்லை, மூலப்பொருள் இல்லை, இயந்திரம் பழுது என்ற காரணங்களால் வேலை கொடுக்க முடியாமல் போவதை 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் 'லே ஆஃப்' என்று வரையறுத்தது. உரிய தகுதியுள்ள தொழிலாளிக்கு அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி தர வேண்டும் என்றும் சொன்னது. பேச்சு வழக்கில் இன்று ஆட்குறைப்புக்கே இந்தச் சொல் வந்துவிட்டது. ஸ்லாக் ஆஃப் செய்தால் குற்றம் தொழிலாளி மேல், லே ஆஃப் என்றால் முடிவு முதலாளி கையில். ஒரே வால், எதிரெதிர்த் திசை. பீர்மேடு பக்கம் 2000-க்குப் பிறகு பூட்டிக் கிடந்த எஸ்டேட்டுகளில் வாழ்ந்த குடும்பங்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இப்போது தோட்டத்துக்கே வருகிறேன். 'ஸ்லாக் ஆஃப்' என்ற வினை எவ்வளவு ஜாக்கிரதையாகக் கையாள வேண்டியது என்பதைக் கொழுந்து எடுக்கும் வேலையை வைத்துச் சொல்வதுபோல வேறு எதை வைத்தும் சொல்ல முடியாது. காரணம், இங்கே ஒரு மனிதரின் முயற்சியைத் தினமும் தராசில் நிறுக்கிறார்கள்.

தேயிலைச் செடியில் பறிக்க வேண்டியது இரண்டு இலையும் ஒரு மொட்டும். பறித்த இடத்தில் மறுபடி தளிர் விட்டு அடுத்த சுற்று வருவதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். இந்த வேகம் எல்லா மாதமும் ஒன்றுபோல் இருக்காது. தென்னிந்தியத் தோட்டங்களில் கோடை மழை பெய்து முடிந்ததும் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை கொழுந்து பொங்கி வரும். பிறகு செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை இன்னொரு வரத்து. நடுவில் ஜூலை, ஆகஸ்ட் அடைமழையில் வெயில் முகமே இல்லாமல் செடி சுணங்கும். ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சி. மூணாற்றில் போதாக்குறைக்கு உறைபனி விழும். செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட்டுகள் பக்கம் காலையில் புல் வெள்ளையாகக் கிடக்கும். வெயில் ஏறியதும் தளிர் கருகிப்போகும். அந்த மாதங்களில் எவ்வளவு வேகமாகக் கை ஓடினாலும் பறிக்கக் கொழுந்து வேண்டுமே.

மே மாதம் ஒரு பெண் நாளைக்கு 40 கிலோ எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரியில் அதே பெண், அதே மணி நேரம், அதே மலையில் ஏறி இறங்கி 15 கிலோ எடுக்கிறார். சொல்லப்போனால் பிப்ரவரியில்தான் கால்கள் அதிகம் நடக்கின்றன. ஒரு கைப்பிடி கொழுந்துக்கு நாலு செடி தாண்ட வேண்டும். தராசு இதைச் சொல்லாது. அதில் விழுவது கிலோ மட்டும்தான். ரிப்போர்ட் எழுதுகிறவர் "தி கிராப் ஹாஸ் டெயில்ட் ஆஃப்" என்று எழுதினால் உண்மையை எழுதுகிறார். "தி பிளக்கர்ஸ் ஆர் ஸ்லாக்கிங் ஆஃப்" என்று எழுதினால் பனியின் குற்றத்தையும் வறட்சியின் குற்றத்தையும் ஒரு பெண்ணின் மேல் எழுதுகிறார். இரண்டு வாக்கியத்துக்கும் கீழே இருக்கும் எண் ஒன்றேதான். படிக்கிற மேலிடத்துக்குப் போய்ச்சேரும் செய்தி மட்டும் வேறு.

வியாபாரத்தில் 'ஸ்லாக் சீசன்' என்ற வழக்கு இருக்கிறது. வரத்து குறைந்த காலம். அங்கே தளர்வை பருவத்தின் மேல் வைக்கிறார்கள், அது நியாயம். அதே 'ஸ்லாக்'கை வினையாக்கி ஆள்மேல் வைக்கும்போது காலம் மறைந்துவிடுகிறது. இந்த மாற்றம் எழுதுகிறவர் அறியாமலே நடக்கிறது என்பதுதான் எனக்குக் கவலை.

கிலோ என்பது இங்கே வெறும் கணக்கு இல்லை. கேரளத் தோட்டங்களில் தினக்கூலிக்கு இவ்வளவு கிலோ எடுத்தாக வேண்டும் என்று ஓர் அளவு உண்டு, அதற்கு மேல் எடுக்கும் கிலோவுக்குத் தனிக் காசு. 2015 செப்டம்பரில் மூணாற்றில் பெண்கள் தாங்களாகவே திரண்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே அண்ட விடவில்லை. 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயர் அப்போதுதான் கேரளம் முழுவதும் தெரிந்தது. தமிழ் பேசும் பெண்களின் போராட்டத்துக்கு மலையாளத்திலும் தமிழிலும் ஒரே நேரத்தில் புரியும் பெயர். போனஸை 10 சதவீதமாகக் குறைத்ததுதான் உடனடிக் காரணம். 20 சதவீதம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். தினக்கூலி அப்போது 232 ரூபாய். 500 ரூபாய் கேட்டார்கள். அக்டோபரில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு அது 301 ரூபாய் ஆனது. அந்தப் பேச்சுவார்த்தையில் தோட்ட நிர்வாகங்கள் பதிலுக்குக் கேட்டது என்ன தெரியுமா? 21 கிலோ என்று இருந்த அளவை 25 கிலோ ஆக்க வேண்டும் என்பது. கூலி கூடினால் கிலோ கூட வேண்டும். அப்படியானால் ஒருவர் எவ்வளவு வேகமாக எடுக்கிறார், அது அவருடைய முழு வேகமா என்ற கேள்விக்குப் பின்னால் பணம் நிற்கிறது. 'ஸ்லாக் ஆஃப்' மாதிரியான ஒரு சொல் இந்த இடத்தில் சும்மா விழுவதில்லை.

இந்தக் கேள்வி மூணாற்றில் பிறந்ததும் இல்லை. 1911-இல் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் தொழிற்சாலைகளில் ஆட்கள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வதைப் பற்றி விரிவாக எழுதினார். அதற்கு அவர் பயன்படுத்திய சொல் 'சோல்ஜரிங்'. அதை இரண்டாகப் பிரித்தார். மனிதருக்கு இயல்பாகவே நிதானமாகப் போகும் குணம் உண்டு, அது ஒரு வகை. மற்றது யோசித்து, கூட்டாக, கணக்குப் பார்த்துச் செய்வது. வேகமாகச் செய்தால் என்ன ஆகும் என்று தொழிலாளர்களுக்கு அனுபவத்தில் தெரியும்: ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்று கொடுக்கும் கூலியை முதலாளி குறைத்துவிடுவார், பிறகு அதே காசுக்கு இன்னும் அதிகம் செய்ய வேண்டியிருக்கும். அதனால் எவ்வளவு வேகமாக முடியும் என்பதை மறைத்தார்கள். டெய்லர் தொழிலாளர் பக்கம் நின்று எழுதியவர் இல்லை. இருந்தும் இந்தக் காரணத்தை அவர் மறைக்கவில்லை.

கிளாஸ்கோ துறைமுகத்தில் 1889-இல் நடந்ததாகச் சொல்லப்படும் கதை இன்னும் சுவாரசியமானது. கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள், தோற்றார்கள். நிறுத்தத்தின்போது அனுபவமில்லாத வெளியாட்களைக் கொண்டுவந்து சுமை இறக்கவைத்திருந்தார்கள். அந்த ஆட்களின் அரைகுறை வேலையையே முதலாளிகள் புகழ்ந்தார்களாம். சரி, அப்படியானால் நாமும் அவர்கள் செய்த மாதிரியே செய்வோம் என்று தொழிலாளர்கள் முடிவெடுத்தார்கள். சுமை தவறி விழுந்தது, வேலை ஊர்ந்தது. கொஞ்ச நாளில் கேட்ட கூலி கிடைத்தது. இந்த முறைக்கு ஸ்காட்லாந்துப் பேச்சில் 'கா கேனி' என்று பெயர் வந்தது: பார்த்து, மெதுவாகப் போ. மூணாற்றுக் கண்ணன் தேவன் மலைகளை நெடுங்காலம் நடத்திய ஃபின்லே கம்பெனியும் அதே கிளாஸ்கோக்காரர்கள்தான் என்பதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

'கா கேனி'யையும் 'கோ ஸ்லோ'வையும் 'ஸ்லாக் ஆஃப்' என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது. ஸ்லாக் ஆஃப் என்பதில் திட்டம் இல்லை. முடிந்தும் மனம் வைக்காமல், கவனம் சிதறி, ஊக்கம் குறைந்து நழுவுவது. கோ ஸ்லோ என்பது முடிவெடுத்து, கோரிக்கை வைத்து, சேர்ந்து செய்வது. இந்தியச் சட்டம் இந்த நுணுக்கத்தைக் கவனித்திருக்கிறது. தொழில் தகராறு சட்டம் 1982-இல் திருத்தப்பட்டபோது சேர்ந்த ஐந்தாம் அட்டவணை, தொழிலாளர் தரப்பின் முறையற்ற நடவடிக்கைகளில் ஒன்றாக 'கோ ஸ்லோ'வைச் சேர்த்தது. ஆனால் அதற்கு முன்னால் 'வில்ஃபுல்' என்று ஒரு சொல் போட்டது. வேண்டுமென்றே செய்வது மட்டும்தான் அதில் வரும். வேகம் குறைந்தது என்று காட்டினால் போதாது, மனமறிந்து குறைத்தார்கள் என்று காட்ட வேண்டும். காரணம் ஆளின் மனம்தான் என்று சட்டம் தனியாகக் காட்டச் சொல்வதை 'ஸ்லாக் ஆஃப்' என்ற வினை சத்தமில்லாமல் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறது. ஆளைப் பார்த்து அந்த வினையைச் சொன்னவரிடம் யாரும் ஆதாரம் கேட்பதில்லை.

கம்ப்யூட்டர் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு இதே பிரச்சினை வேறு உருவத்தில் வருகிறது. 2022-இல் 'கொயட் குவிட்டிங்' என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. ராஜினாமா எதுவும் இல்லை. ஒப்புக்கொண்ட வேலையை ஒப்புக்கொண்ட நேரத்தில் செய்வது, ராத்திரி மெயிலுக்குப் பதில் போடாமல் இருப்பது, அவ்வளவுதான். சில மேலாளர்கள் அதை 'ஸ்லாக்கிங் ஆஃப்' என்று திட்டினார்கள். என் பார்வையில் அது பிழையான பயன்பாடு. எதிர்பார்ப்பு எங்கிருந்து அளக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி. ஒப்பந்தத்திலிருந்து அளந்தால் அங்கே குறைவே இல்லை. போன வருஷம் கூடுதலாகச் செய்ததிலிருந்து அளந்தால்தான் குறைவு தெரியும். கூடுதலாகச் செய்ததை யாரும் கடனாக எழுதிக்கொடுக்கவில்லை.

'ஸ்லாக்' என்று ஒரு ஆபீஸ் செயலி இருப்பதால் பலருக்கு இன்னொரு குழப்பம். அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளுக்கு, உரையாடல்களையும் தகவல்களையும் தேடிப் பார்க்கக்கூடிய பதிவேடு என்ற பொருளில் ஒரு விரிவு சொல்கிறார்கள். "ஐ வில் ஸ்லாக் யூ" என்றால் அந்தச் செயலியில் செய்தி அனுப்புகிறேன் என்று பொருள். சோம்பலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இடுக்கித் தமிழர்களுக்கு இந்த வினையைப் புரியவைக்க மிகச் சுலபமான வழி ஒன்று உண்டு. மலையாளத்தில் 'உழப்பு' என்று ஒரு சொல் இருக்கிறது. பிள்ளை படிப்பில் அக்கறை குறைந்து, முடிந்தும் செய்யாமல் நாளை ஓட்டுகிறான் என்றால் 'உழப்புந்நு' என்பார்கள். அப்படிப்பட்டவன் 'உழப்பன்'. 'ஸ்லாக் ஆஃப்' செய்கிற அத்தனை வேலையையும் அது செய்கிறது: முன்பு இருந்த நிலை, எதிர்பார்ப்பு, மனம் வைக்காத பழி, எல்லாம் உள்ளே இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் இதைப் பள்ளியில் கேட்டு வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். "ரொம்ப உழப்புறான்" என்று தமிழிலேயே சொல்கிறோம். ஆனால் பழந்தமிழில் 'உழப்பு' என்றால் முயற்சி, ஊக்கம். உழைப்போடு சேர்ந்த சொல். மலைக்கு இந்தப் பக்கம் அதே ஒலிக்கு நேர் எதிர்ப் பொருள். தமிழ் மட்டும் படித்த தாத்தாவுக்கும் மலையாளம் மீடியத்தில் படிக்கும் பேத்திக்கும் இந்தச் சொல்லில் சண்டை வந்தால் இரண்டு பேரும் சரிதான்.

பொதுத் தமிழில் இதற்குக் கிட்டே வருவது 'மெத்தனம்'. 'மெத்தனமாக இருந்துவிட்டார்' என்றால் பழி இருக்கிறது. 'தொய்வு' என்றால் பழி குறைவு. பணியில் தொய்வு ஏற்பட்டது என்று பத்திரிகைகள் எழுதும்போது யார் காரணம் என்று சொல்வதில்லை. 'சுணக்கம்' இரண்டுக்கும் நடுவில். ஆங்கிலத்தில் எழுதும்போது மனதில் 'மெத்தனம்' என்று வருகிறதா, 'தொய்வு' என்று வருகிறதா என்று ஒரு நொடி கேட்டுப் பார்த்தால் வினை தானாக வந்துவிடும். மெத்தனம் என்றால் 'ஸ்லாக் ஆஃப்'. தொய்வு என்றால் 'ஸ்லோ டவுன்', 'டெயில் ஆஃப்', 'டிராப் ஆஃப்'.

மெயிலில் இந்த வினை வந்தால் எப்படிப் பதில் எழுதுவது? அவர் சொன்னது சரி என்றால் சுற்றி வளைக்க வேண்டாம்: "யூ ஆர் ரைட், ஐ ஹேவ் பீன் ஸ்லாக்கிங் ஆஃப் ஆன் தி ரிப்போர்ட்ஸ்" என்று அந்தச் சொல்லையே எடுத்து ஒப்புக்கொண்டு, எப்போது முடியும் என்று தேதி போடலாம். சரியில்லை என்றால் அந்தச் சொல்லைத் திரும்ப எழுதவே கூடாது. மறுப்பதற்காக எழுதினாலும் அது ஒட்டிக்கொள்ளும். "தி அவுட்புட் டிராப்ட் ஆஃப் பிகாஸ் தி சர்வர் வாஸ் டவுன் ஃபார் டூ டேஸ்" என்று வினையை மாற்றிக் காரணத்தை அதன் இடத்தில் வைக்க வேண்டும். சண்டை போடாமலே பழி இறங்கிவிடும்.

இதே 'ஸ்லாக்' பெயர்ச்சொல்லாக வரும் இரண்டு தொடர்களையும் தெரிந்துகொள்வது நல்லது. 'பிக் அப் தி ஸ்லாக்' என்றால் இன்னொருவர் விட்ட இடத்தை எடுத்து நிரப்புதல். லீவில் போனவரின் டிக்கெட்டுகளையும் (அவருக்கு ஒதுக்கிய வேலைகளையும்) நீங்களே முடித்திருந்தால், ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் "ஐ பிக்ட் அப் தி ஸ்லாக்" என்று தயங்காமல் எழுதுங்கள். நம் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் இதை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். 'கட் மீ சம் ஸ்லாக்' என்றால் என்னைக் கொஞ்சம் விட்டுப்பிடியுங்கள் என்ற வேண்டுகோள். கயிற்றைத் தளர்த்தும் பழைய பொருள் இதில் பழி இல்லாமல் அப்படியே இருக்கிறது. நண்பரிடமும் கூட வேலை செய்பவரிடமும் சொல்லலாம். மேலதிகாரியிடம் எழுத்தில் வேண்டாம், உரிமை எடுத்துக்கொண்டதுபோல் இருக்கும். அங்கே "குட் ஐ ஹேவ் எ லிட்டில் மோர் டைம்" என்று நேராகக் கேட்பதே மரியாதை.